அச்சா பானி

கலவை இளகி இருந்தது.

அமிர்தவல்லி தகரக் கூம்பை மெல்ல மேலே தூக்கினாள். உள்ளே குத்தி நிரப்பிய கான்கிரீட், கூம்பு வடிவம் கலையாமல் சற்றே அமர்ந்து நிற்க வேண்டும். போர்ட் பிளேரில் செய்து பார்த்தபோது அப்படித்தான் நின்றது. இங்கே அது இடுப்பொடிந்தது போலச் சரிந்து தட்டில் பரவியது.

"இன்னொரு தடவ பாக்கலாம்" என்றாள்.

"காலையிலேர்ந்து இதே வேலைதான் மேடம்" என்றார் மேஸ்திரி பொன்னுத்துரை. "கூம்பு தேஞ்சு போயிரும். கலவைக்கு ஒண்ணும் ஆகாது."

மறுபடி நிரப்பினாள். மறுபடி சரிந்தது.

பின்னால் மிக்சர் உருண்டுகொண்டிருந்தது. பாராடாங் தீவில் ஒரு குடியிருப்புக்கான தண்ணீர்த் தொட்டியின் தரை, கிழக்கு மூலையிலிருந்து பாதி வரை போட்டாகிவிட்டது. மீதிப் பாதியில் கம்பிக் கட்டு வெறுமையாக வெயிலில் கிடந்தது.

அதே சிமென்ட். அதே ஜல்லி. அளந்து போட்ட தண்ணீர். அளந்து போட்ட பவுடர். பிறகு ஏன் இளகுகிறது?

மணல் ஈரமாக இருக்கலாம். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மழை வந்து மாதக்கணக்காகிறது. அளவு வாளியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். சரியான வாளிதான். பவுடர் போடும் ஆளிடம் கேட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டப்பா, சிமென்ட்டோடு காய்ந்த நிலையில் கலந்த பிறகே தண்ணீர் என்று அவன் சரியாகச் சொன்னான்.

"உங்க டயப்பர் மசாலாவுக்கு இன்னிக்குத் தாகம் இல்ல போல" என்றார் பொன்னுத்துரை.

ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அந்தப் பெயரை அவளே கொடுத்திருந்தாள். முதல் நாள், ஆட்களுக்குப் புரியட்டும் என்று, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பருக்குள் இருக்கும் சாமான்தான் இது என்று சொல்லிவிட்டாள். வெள்ளையாக, சர்க்கரையைவிடப் பொடியாக இருக்கும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து ஜவ்வரிசி மாதிரி பருக்கும். கான்கிரீட்டுக்குள் அந்தத் தண்ணீரை மணி மணியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிமென்ட் இறுகும்போது உள்ளேயே ஈரத்தைத் தின்னும், தின்ன ஈரம் இல்லாவிட்டால் சுருங்கும், சுருங்கினால் பிளக்கும். அந்த நேரத்தில் பவுடர் தன் தண்ணீரை விட்டுக்கொடுக்கும். மேலே தண்ணீர் ஊற்றிக் கொண்டே இருக்கத் தேவை குறையும்.

மேலே ஊற்ற இந்த ஊரில் தண்ணீர் இல்லை. அதுதான் சங்கதி.

பழைய தொட்டி பக்கத்திலேயே நின்றது. சுனாமிக்குப் பிறகு கட்டியது. கட்டிய அந்தக் கோடையிலேயே வெடித்தது. வெடிப்பில் விரல் நகம் நுழையும். நிரப்பிய தண்ணீர் விடிவதற்குள் மண்ணுக்குப் போய்விடும். ஏன் வெடித்தது என்று அமிர்தவல்லி வந்த புதிதில் டீக்கடை மரகதத்திடம் கேட்டிருந்தாள்.

"எங்களாலதான்" என்றாள் மரகதம். "புதுத் தரை மேல பாத்தி கட்டி டேங்கர் தண்ணி நிறுத்தி வெப்பாங்க இல்ல? வீட்டுல குடிக்க இல்ல. இங்க சிமென்ட்டுக்குக் குடுக்குறாங்க. விடுவமா? நாந்தான் மொத ஆளு. குடத்தோட போனேன். பின்னாலேயே ஊரு வந்திருச்சு."

அதைச் சொல்லும்போது அவள் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

அதனால்தான் அமிர்தவல்லி பவுடரைப் பிடித்துக்கொண்டாள். போர்ட் பிளேர் ஆபீசில் எக்சிகியூட்டிவ் என்ஜினியர் பாலசுப்பிரமணியத்தின் மேசை முன் நின்று, ஒரு கிளாஸ் தண்ணீரில் பவுடரைப் போட்டாள். எழுத்து மேசையில் இருந்த ஃபைல்களை அவர் அவசரமாகத் தள்ளி வைத்தார். தண்ணீர் கூழாக இறுகியதும் அவள் கிளாஸைக் கவிழ்த்தாள். விழவில்லை.

"மேஜிக் நல்லா இருக்கு" என்றார் அவர். "தொட்டி ஒழுகினா என்ன பண்ணுவே?"

"ஒழுகாது சார்."

"எங்கிட்ட சொல்லாத. அந்த ஊர்ல போய்ச் சொல்லு."

சொன்னாள். டீக்கடை முன் நின்று, அரைகுறை இந்தியிலும் தமிழிலும், இந்தத் தொட்டி ஒழுகாது என்றாள். யாரும் கை தட்டவில்லை. மரகதம் மட்டும், "நடந்தா சரி, இஞ்சினியரம்மா" என்றாள்.

கப்பலில் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து இறங்கியது ஒரே ஒரு மூட்டைப் பவுடர். இந்தத் தொட்டிக்கு மட்டும் காணும்.

மூட்டைதான் கெட்டுவிட்டதோ?

அந்த நினைப்பு வந்ததும் கூம்பைக் கீழே வைத்தாள். கப்பலின் அடித்தளத்தில் ஈரம் பட்டிருக்கலாம். கெட்ட பவுடரை இவ்வளவு நேரம் கொட்டியிருக்கலாம். டீக்கடைக்கு நடந்தாள். ஓடவில்லை. ஆட்கள் பார்க்கிறார்கள்.

"அக்கா, ரெண்டு கிளாஸ் குடுங்க. காலி கிளாஸ்."

"டீ இல்லாம கிளாஸா?"

"குடுங்கக்கா."

மரகதம் முகத்தைப் பார்த்தாள். இரண்டையும் கழுவி நீட்டினாள்.

ஒரு கிளாஸில் வேலையிடத்து டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டாள். தெளிந்த தண்ணீர். கிளாஸின் அடியில் தன் விரல் தெரிந்தது. ஒரு சிட்டிகை பவுடரைப் போட்டுக் கலக்கினாள். காத்திருந்தாள். பவுடர் கொஞ்சம் பருத்து அடியில் கிடந்தது. அவ்வளவுதான். கிளாஸைச் சாய்த்தாள். தண்ணீர் காலில் கொட்டியது.

கெட்டுவிட்டது.

இன்னொரு கிளாஸ் கையில் இருந்தது. அதை எதற்கு வாங்கினோம் என்று ஒரு கணம் மறந்துவிட்டது. பிறகு தோள்பையில் இருந்த பாட்டிலை எடுத்தாள். ஹேடோ குவார்ட்டர்ஸில் பிடித்த குழாய்த் தண்ணீர். ஊற்றி, அதே மூட்டையிலிருந்து அதே அளவு போட்டாள்.

தண்ணீர் கலங்கியது. பருத்தது. அசைவு நின்றது. கவிழ்த்தாள்.

விழவில்லை.

பவுடரில் குறை இல்லை.

டிரம்மில் விரலை முக்கி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். கண்ணால் பார்த்தாள், தெளிவாக இருந்தது, போதும் என்று விட்டுவிட்டாள். உப்பு இருந்தால் இந்தப் பவுடருக்குக் குடிக்க முடியாது, குடிக்காத தண்ணீர் கலவையை இளக்கிவிடும் என்று படித்திருக்கிறாள். படித்தது நினைவுக்கு வர இவ்வளவு நேரமாகியிருக்கிறது.

"மிக்சர நிறுத்துங்க" என்றாள்.

சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கத்தினாள். மிக்சர் நின்றது. திடீரென்று, கடல் புகுந்த அகன்ற ஓடையின் பக்கமிருந்து ஃபெர்ரியின் ஹாரன் துல்லியமாகக் கேட்டது.

டேங்கர் டிரைவர் சோமா மர நிழலில் படுத்திருந்தான். ராஞ்சிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது இங்கேதான். இந்த ஊர் நீர்நிலை எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"சோமா, பானி கஹாங் சே லாயா?"

எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று அவள் கேட்டதற்கு, அவன் எழுந்து உட்கார்ந்து ஓடைப் பக்கம் கையைக் காட்டினான். ஓடைக்கரைக் கிணறு. பெரிய அலை வந்த நாளில் கடல் ஓடை வழியாக ஏறி அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து அதில் யாரும் குடிப்பதில்லை.

"நான் என்ன சொன்னேன்? க்யா போலா தா மைனே?"

சோமாவுக்கு அவள் கோபம் புரியவில்லை. "ஆப்னே அச்சா பானி போலா தா, மேடம். யே அச்சா ஹை. ஏக்தம் சாஃப்."

நீங்கள் நல்ல தண்ணீர் கேட்டீர்கள், இது நல்ல தண்ணீர்தான், சுத்தமாக இருக்கிறது. பிறகு, ஏதோ தோன்றியவனாக, மெதுவாகக் கேட்டான்.

"மீட்டா சாஹியே தா க்யா?"

மீட்டா தண்ணீரா வேண்டியிருந்தது என்ற அந்தக் கேள்வியிலேயே அமிர்தவல்லிக்குப் புரிந்துவிட்டது.

அவள் ராமநாதபுரத்துக்காரி. அவள் தெருவில் தண்ணீர் இரண்டு சாதி. குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணி. குடிக்க நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணி. சொல்லிலேயே அது இருக்கிறது. அதையே வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் சொன்னாள். அச்சா பானி. இந்தத் தீவுகளின் இந்தியில் உப்பில்லாத தண்ணீருக்குப் பெயர் மீட்டா பானி. இனிப்புத் தண்ணீர். அச்சா என்றால் கலங்கல் இல்லாதது, பார்க்க நல்லது. இரண்டு வருஷம் இங்கே இருந்தும் அந்த ஒரு வார்த்தையை அவள் பிடிக்கவில்லை.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க அண்ணே" என்றாள் பொன்னுத்துரையிடம். குற்றம் சாட்டத்தான் ஆரம்பித்தாள். குரல் அப்படி வரவில்லை.

"இருந்தேன்." அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க அச்சா பானின்னு சொன்னது எனக்கும் நல்ல தண்ணின்னுதான் மேடம் காதுல விழுந்துச்சு. எங்க வீட்டுலயும் அப்படித்தானே சொல்றோம்."

அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவரும் அங்கே பால் வெட்டியவர். அலைக்குப் பிறகு கச்சலை விட்டு வந்து கட்டட வேலையில் சேர்ந்தார். அதைப் பற்றிப் பேசமாட்டார். இந்தி அவளைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் அவள் சொன்ன இந்தியை அவர் தமிழாகக் கேட்டுவிட்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். போட்ட பாதி வழவழவென்று வெயிலில் மின்னியது. ஒரு கீறல் இல்லை. பார்க்க அச்சா.

"உப்பால கம்பி துருப்பிடிக்கும்" என்றாள். "உள்ளேயே. துரு பருத்தா கான்கிரீட்டப் பிளக்கும்."

"எப்ப?"

"சில வருஷம் ஆகும்."

பொன்னுத்துரை அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். குரலைத் தணித்தார். "மேடம், நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. சில வருசத்துல நீங்க மெயின்லேண்ட் போயிருப்பீங்க. நான் எந்தத் தீவுல இருப்பேனோ. இன்னிக்கு வேலைய பந்த் பண்ணினா பவுடர் ஃபெயில்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அடுத்த தொட்டிக்கும் உங்க பவுடர வாங்கமாட்டாங்க. மீதிய மீட்டா பானில போட்டு முடிச்சிருவோம். யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளும் நாக்கில் உப்புக் கரித்த அந்தக் கணத்திலேயே இதைத்தான் நினைத்திருந்தாள்.

கிழக்கு மூலைக்குப் போய்க் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் இறங்கியது. ஆனால் முனகிக்கொண்டு இறங்கியது. உப்புப் பட்ட சிமென்ட் இறுக அவசரப்படும். நேரம் அதிகம் இல்லை. ஆபீசைக் கூப்பிட வேண்டுமென்றால் படகுத்துறைக்குப் போனால்தான் சிக்னல். போய் வருவதற்குள் இது கல்லாகிவிடும். கல்லான பிறகு எடுக்கவா விடவா என்று கேள்வியே இருக்காது.

இறுகட்டும் என்று சும்மா நின்றாலே போதும். அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

மரகதம் கடையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையில் அந்த இரண்டு கிளாஸ். ஒன்றைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள். "இது ஏன் விழமாட்டேங்குது?" என்றாள். "அது ஏன் விழுந்துச்சு?"

"அது ஓடக் கிணத்துத் தண்ணி அக்கா."

"அதுலயா தொட்டி கட்டுறீங்க? அதுல நாங்க பாத்திரங்கூடக் கழுவறதில்லியே." சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்தாள். "ஒழுகாதுன்னு சொன்னீங்களே, இஞ்சினியரம்மா."

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். அமிர்தவல்லி திரும்பி ஆட்களைப் பார்த்தாள்.

"அள்ளுங்க" என்றாள். "போட்டது எல்லாத்தையும். இப்பவே."

யாரும் அசையவில்லை. பொன்னுத்துரையைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டினார்.

"கேட்டுச்சா இல்லியா? ஜல்தி! பூரா நிகாலோ!"

முதல் மண்வெட்டி இறங்கியது. அள்ள அள்ளக் கம்பிக்கட்டு வெளியே வந்தது, சாம்பல் சேறு அப்பியபடி. கிழக்கு மூலையில் மண்வெட்டி போதவில்லை. கடப்பாரை வைத்து நெம்பினார்கள். அவளும் ஒரு சட்டி எடுத்தாள். வாங்கிக் கொண்டு போய்க் கொட்ட இடம் தேடினாள். டீக்கடைக்குப் போகும் பாதை, மழைக்காலத்தில் முழங்கால் சேறு.

"அங்க கொட்டுங்க" என்றாள் மரகதம். "அதுல கம்பி இல்லியே, துருப்பிடிக்க."

அள்ளி முடிந்தும் வேலை முடியவில்லை. கம்பியில் ஒட்டிய சேறு அப்படியே காய்ந்தால் உப்பும் அதோடு தங்கும். உடனே கழுவ வேண்டும். உப்பில்லாத தண்ணீரில். சோமா டேங்கரை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்து ஊற்றுக்குப் போயிருந்தான். அங்கே தண்ணீர் நூலாக விழும். நிரம்பி வர சாயங்காலம் ஆகும். கம்பியின் மேல் சேறு ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அமிர்தவல்லி தன் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு கம்பியில் ஊற்றித் துடைத்தாள். ஒரு முழம்கூட வரவில்லை.

மரகதம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்குப் போனாள். வரும்போது இடுப்பில் குடம் இருந்தது.

"குடிக்கிற தண்ணி அக்கா அது."

"தெரியும். நாந்தானே தூக்கிட்டு வந்தேன்."

குடத்தைக் கொடுத்துவிட்டு வீடுகள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள், முதலில் தமிழில், பிறகு வங்காளிப் பெண்களுக்காக இந்தியில். சிலர் வந்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி பாதிக் குடத்தோடு வந்து, இதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டு நின்று காவல் காத்தாள்.

"அன்னிக்கு மொண்டுக்கிட்டுப் போனீங்க" என்றார் பொன்னுத்துரை, கோணிச் சாக்கை நனைத்துக் கம்பியைத் தேய்த்தபடி.

"வாயப் பாரு. தேய்க்கிற வேலையப் பாருய்யா" என்றாள் மரகதம்.

மாலையில் அமிர்தவல்லி படகுத்துறையில் நின்று ஃபோன் செய்தாள். பாலசுப்பிரமணியம் முழுவதையும் கேட்டார்.

"பவுடர் ஃபெயிலா?"

"இல்ல சார். தண்ணி. நான் கேட்ட தண்ணி."

எதிர்ப்பக்கம் ஃபைல் புரளும் சத்தம் கேட்டது.

"பவுடர் மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"தரைக்கு வரும். சுவருக்கு வராது. அடுத்த கப்பல்ல வரணும்."

"வரணுமா வேண்டாமாங்கிறத அந்தத் தரையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

மறுபடி தரை போட்ட அன்று, டேங்கர் வந்து நின்றதும் அவள் கிளாஸோடு போனாள். சோமா குழாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னான், "மீட்டா, மேடம். கசம் சே மீட்டா." அவன் சத்தியம் செய்தும் அவள் நாக்கில் வைத்தாள். பவுடரைப் போட்டாள். கவிழ்த்தாள். ஒவ்வொரு டிரம்முக்கும் அப்படியே செய்தாள். ஆட்கள் அலுத்துக்கொண்டார்கள். கூம்பு சரியாமல் நின்றது. அதையும் அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

தரை முழுவதையும் அன்றைக்கே போட்டு முடித்துத் தார்ப்பாயால் மூடினார்கள். புதுக் கான்கிரீட் வெடிப்பதென்றால் அநேகமாக முதல் நாளிலேயே மயிரிழையாகக் காட்டிவிடும்.

விடிந்ததும் வந்தாள். அவளுக்கு முன்பே பொன்னுத்துரை வந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மரகதம் கெட்டிலும் கிளாஸுமாக நின்றாள். சோமாவும் இருந்தான். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"தூக்குங்க அண்ணே. பாதி போதும்."

தார்ப்பாயை மடித்தார்கள். கீழே ஈரம் மினுங்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் மண்டியிட்டாள். கன்னம் தரையில் படுமளவுக்குக் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

கிழக்கு மூலைக்குச் சற்று இப்பால், ஒரு கோடு.

மெல்லியது. கறுப்பு. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி ஒரு முழம் போல ஓடியது. நடுவில் லேசாக வளைந்தது. வெடிப்பு அப்படித்தான் வளையும்.

அவள் எழவில்லை. அவள் முதுகைப் பார்த்தே பொன்னுத்துரைக்குப் புரிந்தது. பீடியைக் கீழே போட்டார்.

"என்ன மேடம்?"

விரலை நீட்டினாள். நகத்தால் வருடிப் பார்த்தால் ஆழம் தெரியும். விரலை அருகே கொண்டுபோனாள்.

கோடு நகர்ந்தது.

விரலைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது. மறுபடி சேர்ந்தது. எறும்புகள். ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை ஒன்றை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"நேத்து சாயந்தரம் டீ கொஞ்சம் சிந்திருச்சு" என்றாள் மரகதம். "திட்டுவீங்கன்னு சொல்லல."

பொன்னுத்துரை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சோமா குனிந்து கறையைப் பார்த்தான். பல் தெரியச் சிரித்தான்.

"மீட்டா பானி, மேடம்."

அமிர்தவல்லி எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மண்டியிட்டபடியே, தார்ப்பாயின் அடுத்த பாதியைத் தூக்கச் சொன்னாள்.